கிறிஸ்தவருக்கு என்னென்ன கடமைகள்? வேலூர் திடப்படுத்தல் வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

வேலூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருடங்களாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். முதல் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) எடுப்பதற்கு முன் விசுவாசத்தின் அடிப்படைகளைப் படித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் கேட்பது ஒரு பக்கம் இருக்க, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பது இன்னொரு பக்கம். பெரும்பாலும் சுற்றிச்சுற்றி ஒரே கேள்விதான்: "ஒரு கிறிஸ்தவர் என்னதான் செய்யணும்?" அதன் கிளைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் ஆயர் இல்லை, சபையின் சாதாரண அங்கத்தினர். சபைக்குச் சபை வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கடமை என்றால் சட்டமா? செய்யாவிட்டால் தண்டனையா?

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணமும் கடன்தான், செய்தே ஆக வேண்டிய கடமையும் கடன்தான். காலைக்கடன், பிதிர்க்கடன் என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பொருள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் 13ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில், ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேறு எந்தக் கடனும் படாதிருங்கள் என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பிலும் அந்த இடத்தில் 'கடன்' என்ற சொல்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வசனம் அது. மற்றக் கடன்களை அடைத்து முடிக்கலாம். இந்த ஒரு கடன் மட்டும் சாகும்வரை பாக்கியிருக்கும்.

இயேசுவிடம் ஒரு நியாயசாஸ்திரி, எது பிரதான கற்பனை, அதாவது கட்டளை, என்று கேட்டான் (மத்தேயு 22). முழு இருதயத்தோடும் ஆத்துமாவோடும் மனதோடும் தேவனிடத்தில் அன்புகூருவது முதலாவது, தன்னிடத்தில் அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவது இரண்டாவது என்றார். கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அப்படிச் சேர்த்துச் சொன்னார் என்று நான் நம்புகிறேன். கீழே வரும் பதில்களில் எல்லாம் இந்த நம்பிக்கைதான் இருக்கிறது: கடவுளுக்குப் பட்ட கடனை, அவர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கும் ஆளிடம்தான் கட்ட வேண்டும்.

நல்ல காரியம் நிறையச் செய்தால் பரலோகம் போகலாமா?

போக முடியாது. அது சம்பாதிக்கிற இடம் கிடையாது. இரட்சிப்பு கிருபையினால் வருகிறது, நம் கிரியைகளினால் வரவில்லை என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. உடனே ஒரு பையன் கை தூக்குவான்: "அப்ப எதுக்கு சார் கடமை?"

இதற்கு வேலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1853இல் மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்க சீர்திருத்த சபைக்கு 'ஹைடல்பர்க் வினாவிடை' என்று ஓர் உபதேச நூல் உண்டு. 1563இல் வந்தது, 129 கேள்வி-பதில்கள். மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று மூன்று பாகம். பத்துக் கற்பனைகளை எந்தப் பாகத்தில் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மூன்றாவதில், நன்றி என்ற பாகத்தில். மீட்கப்பட்டு முடிந்த பிறகு, நன்றி சொல்லும் விதமாக வருவது கடமை. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் எல்லாமே கெட்டுவிடும். பயத்தில் கொடுப்பான், கணக்குப் பார்த்துக் கொடுப்பான், கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவான்.

கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதும் இதற்கு எதிரானதல்ல. மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் காயைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நானூறு வருடத்துக்கு மேல் சண்டையிட்டுக்கொண்டிருந்த கத்தோலிக்கரும் லுத்தரன்மாரும்கூட 1999இல் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு, அடிப்படையில் ஒத்துப்போனார்கள்.

பத்துக் கற்பனைகளில் எண் ஏன் மாறுகிறது?

காட்பாடியில் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். வசனம் ஒன்றுதான் (யாத்திராகமம் 20), பிரித்து எண்ணுவதில்தான் வித்தியாசம். விக்கிரகம் செய்யக் கூடாது என்பதை நாங்கள் தனியாக இரண்டாவது கற்பனையாக எண்ணுகிறோம். கத்தோலிக்கரும் லுத்தரன்மாரும் அதை முதலாவதோடு சேர்த்து, இச்சியாதிருப்பதை இரண்டாகப் பிரித்து, பத்தை நிறைவு செய்கிறார்கள். அதனால் எங்களுக்கு 'கொலை செய்யாதிருப்பாயாக' ஆறாவது, அவர்களுக்கு ஐந்தாவது. பரீட்சைக்கு அவரவர் புத்தகத்தில் உள்ளபடி எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. கோயிலுக்குப் போகாதது பாவமா?

ஆஸ்பத்திரி ஊர் இது. செவிலியர், லேப் டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்று சபையில் பாதிப் பேருக்கு ஷிப்ட் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் ஏற்றுமதி நெருக்கடி வந்தால் ஞாயிறும் வேலைதான்.

ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது, மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை என்றார் இயேசு (மாற்கு 2). அவரே ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கி, அதற்காகத் திட்டும் வாங்கினார். ஐசியூவில் ஒருவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம், நீ ஆராதனையில் இல்லையே என்று கேட்க எனக்கு வாய் வராது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு திருப்பலி கண்டிப்பான கடமை. ஆனால் அவர்களும் நோய், நோயாளியைக் கவனிப்பது போன்ற தக்க காரணங்களை ஏற்கிறார்கள், சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் கணக்கில் சேரும்.

ஆனால் ஒன்று. டூட்டி இல்லாத ஞாயிறும் தூங்கியே போய்விட்டால், அதற்கு மாற்குவின் அந்த வசனத்தைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் வராத வாரம் உங்கள் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த வயதான அம்மாவுக்கு அது தெரியும்.

தசமபாகம் கட்டாயமா? சம்பளத்தில் பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்னாலா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் மனக்கசப்பு வருவதும் இதில்தான்.

பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு சட்டம். தசமபாகங்களைக் கொண்டுவாருங்கள் என்ற மல்கியா 3:10ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை அவ்வளவாக யாரும் காட்டுவதில்லை. மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைத்து, நிலமில்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும் என்று அங்கே இருக்கிறது. தசமபாகத்தில் ஏழைக்குப் பங்கு உண்டு. எந்தச் சபை தசமபாகம் கேட்டாலும், அந்தப் பங்கு எங்கே போகிறது என்று பணிவாகக் கேட்பது அங்கத்தினரின் உரிமை என்பேன்.

புதிய ஏற்பாட்டில் பத்து சதவீதம் என்று கிறிஸ்தவர்களுக்குக் கட்டளையாக எழுதப்படவில்லை. விசனமாகவும் கட்டாயமாகவும் கொடுக்காதே, மனதில் நியமித்தபடி உற்சாகமாய்க் கொடு என்கிறது 2 கொரிந்தியர் 9. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் பத்தில் ஒன்றை உறுதியாக வலியுறுத்துகின்றன. எங்கள் சபையில் சந்தா, காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம் என்று போகும். கத்தோலிக்கரில் சதவீதம் இல்லை. திருச்சபையின் தேவைகளுக்குத் தன்னால் இயன்றதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஐந்து ஒழுங்குமுறைகளில் ஒன்று.

என் ஆயா அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தூக்கு வைத்திருந்தார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதில் விழும். பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள். ஞாயிறு காலை அதைப் பையில் கொட்டிக் கோயிலுக்கு எடுத்துப்போவார். வீட்டில் அரிசி குறைந்த நாளில்கூட அந்தப் பிடி நிற்காது, பிடிதான் கொஞ்சம் சின்னதாகும். பிடித்தத்துக்கு முன்னாலா பின்னாலா என்று யாராவது கேட்கும்போது எனக்கு அந்தத் தூக்கு நினைவுக்கு வந்துவிடும். சமைப்பதற்கு முன்னால் எடுத்து வைத்தார், மிஞ்சினதைக் கொடுக்கவில்லை. என் பதிலும் அதுதான்: முதலில் எடுத்து வையுங்கள், அளவை உங்கள் மனசாட்சி சொல்லும். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்திப் போடாதீர்கள். போட்டால் பத்து மடங்காகத் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

லெந்து காலத்தில் உபவாசம் இருப்பது எப்படி?

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளை நீக்கி 40 நாள். நாங்கள் லெந்து என்கிறோம், கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்கள். அவர்களுக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர்கள் தொடங்கி 59 வயது வரைக்கும் அது பொருந்தும். சி.எஸ்.ஐ.யில் அப்படி வயது வைத்த விதி கிடையாது, பலர் வெள்ளிக்கிழமை மதியம்வரை சாப்பிடாமல் இருப்பார்கள், சிலர் நாற்பது நாளும் கறி மீனை விடுவார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டாம். வேலூர் வெயிலில் மார்ச் மாதம் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

உபவாசம் என்றாலே ஏசாயா 58ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்வேன். நாங்கள் நோன்பிருக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று பதில் வருகிறது. பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதும், நுகத்தடியின் பிணைப்புகளை அவிழ்ப்பதும்தான் எனக்குப் பிரியமான உபவாசம் என்கிறார் கடவுள்.

இதை நான் வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு வருடம், எங்கள் வீட்டில் அலமாரி செய்த தச்சருக்குப் பாக்கிக் கூலியை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒன்றரை மாதம் இழுத்துவிட்டேன். பணம் இல்லாமல் இல்லை, அசட்டை. சரியாக அது லெந்து காலம், வெள்ளிக்கிழமைதோறும் நான் உபவாசம். சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் கூலிக்காரனுக்குக் கொடுத்துவிடு, அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்ற உபாகமம் 24ஐ வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் சுரீரென்று தைத்தது. அன்று இரவே போய்க் கொடுத்தேன். அவர் மகளுக்கு ஸ்கூல் திறக்கும் முன் கிடைத்ததே என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அக்கா, பீடி சுற்றித் தருகிறவர்கள், கட்டட வேலைக்கு வருகிறவர்கள், யாருக்குப் பாக்கி இருந்தாலும் உபவாசத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை. திருவிருந்து எடுக்கலாமா?

குடியாத்தம் பக்கத்து நிலமோ, சத்துவாச்சாரி வீடோ, ஏதாவது ஒரு பாகப்பிரிவினை எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்து, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5). கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால், நீ போ.

எங்கள் திருவிருந்து ஆராதனையில் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் கைகளைப் பற்றி ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுப்போம். 1947இல் சி.எஸ்.ஐ. உருவான பிறகு அமைத்த வழிபாட்டு முறையிலேயே அது வந்துவிட்டது. அந்த இடத்தில் வைத்திருப்பதே இந்த வசனத்துக்கு ஏற்ப இருக்கிறது. ஆனால் பழக்கத்தில் என்ன ஆகிறது? முன் வரிசைக்குக் கை நீட்டுகிறோம், பின் வரிசைக்குக் கை நீட்டுகிறோம், நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் சொந்த அண்ணன் பக்கம் திரும்புவதில்லை.

என் ஆலோசனை இது. வழக்கு முடியும்வரை திருவிருந்தை நிறுத்தி வைக்காதீர்கள், அது வருடக்கணக்கில் போகும். ஆனால் ஒரு போனாவது செய்துவிட்டு வாருங்கள். நிலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அண்ணிக்கு உடம்பு எப்படி இருக்கு என்று கேளுங்கள். அவர் வைத்துவிட்டால், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று இருந்து விலகி வந்தவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. மன்னிப்பது வேறு, மறுபடியும் அந்தக் கைக்குள் போய் நிற்பது வேறு. அப்படிப்பட்டவர்களை யாரும் வசனம் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆடி மாதம் பக்கத்து வீட்டுக் கூழ், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி. வாங்கிக் குடிக்கலாமா?

கொரிந்து பட்டணத்திலும் இதே கேள்விதான் இருந்தது, அங்கே கூழுக்குப் பதில் இறைச்சி. விருந்துக்குக் கூப்பிட்டால் போ, முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைத்தது என்று ஒருவன் சொன்னால், அவனுடைய மனசாட்சிக்காக விட்டுவிடு என்றும் சொல்கிறார். சபைகளுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. நான் நோன்புக் கஞ்சி குடிக்கிறேன், பொங்கல் வாங்குகிறேன். படைத்தது என்றால், மரியாதையாகக் காரணம் சொல்லி வேண்டாம் என்கிற நண்பர்களும் எனக்கு இருக்கிறார்கள். ஒரே கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் 1846இல் கட்டிய தூய யோவான் ஆலயமும் இருக்கிற ஊரில் வாழ்கிறோம். வேண்டாம் என்று சொன்னாலும் முகம் சுளித்துச் சொல்லாதீர்கள். வாங்கி வைத்துவிட்டுக் குப்பையில் கொட்டுவது அதைவிட மோசம்.

சாதி பார்த்துத்தான் பெண் கொடுப்போம் என்கிறார்கள் வீட்டில். அது தப்பா?

தப்பு. இதில் 'சபைக்குச் சபை மாறும்' என்று நான் சொல்லப்போவதில்லை.

அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால் அவரை முகமுகமாய்க் கண்டித்தார் (கலாத்தியர் 2). ஒரு பந்தியிலிருந்து எழுந்ததற்காக அப்போஸ்தலருக்கே அந்தக் கண்டனம். நம் வீடுகளில் தனி டம்ளர் இருந்ததும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் எழுந்ததும் அதைவிடச் சின்ன விஷயமா?

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அரசாங்கம் அவரைக் கிறிஸ்தவர் என்று சொல்லிச் சலுகையை எடுத்துக்கொள்கிறது, சபை அவருடைய சாதியை நினைவு வைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் அடிபடுகிற நம் சகோதரனுக்குக் குறைந்தது பந்தியிலாவது இடம் வேண்டும், சம்பந்தத்திலும் வேண்டும். வரதட்சணையும் இதே வரிசைதான். 1961லேயே சட்டம் தடுத்துவிட்டது. 'நாங்க கேட்கல, அவங்களா போட்டாங்க' என்பதைக் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது. அவங்களா போட்டதாகவே இருக்கட்டும், திருப்பிக் கொடுங்கள்.

அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறேன். கடமை முடிந்ததா?

பணம் தேவைதான். தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). அதனால் ஊழியத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு அம்மாவின் மருந்துச் செலவுக்குக் கணக்குக் கேட்பது கூடாது. அப்புறம், போனில் பேசும்போது அவர்கள் சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் கேளுங்கள்.

மற்ற மதத்தாருக்கு இயேசுவைப் பற்றிச் சொல்வது கடமையா?

ஆம், சொல்வது கடமை. மாற்றுவது நம் வேலை கிடையாது. உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. கேட்கிறவர்களுக்கு என்று இருக்கிறது. கேட்கத் தோன்றும்படி வாழ்ந்தால் கேட்பார்கள். நோயாளியின் கட்டிலருகே அவர் பயத்தைப் பயன்படுத்திப் பேசுவதும், உதவிக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்பதும் கிறிஸ்துவின் பெயருக்கே அவமானம்.

எத்தனை பேருக்கு உதவ முடியும்? எது என் கடமை, எது இல்லை என்று எப்படித் தெரியும்?

காந்தி ரோட்டில் நடந்தால் வங்காளியில் எழுதிய பலகைகள் வரிசையாக இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, கையில் ஸ்கேன் கவரோடு லாட்ஜ் தேடுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். பார்த்துப்பார்த்துப் பழகிவிட்டது, அதுதான் ஆபத்து. அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்ற மத்தேயு 25, உலகத்தில் எந்த ஊரைவிடவும் நம் ஊருக்கு நேராக எழுதியதுபோல் இருக்கும். ஆட்டோவில் நியாயமான வாடகை வாங்குவது, வழி கேட்டால் கூடவே நான்கு அடி நடப்பது, ரத்தம் தேவை என்றால் கொடுப்பது. பாஷை தெரியாவிட்டாலும் செய்யலாம்.

ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடருக்கு மிஷனரியாகும் எண்ணமே இல்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தவர், திரும்பிப் போய்விடுவதாகத்தான் இருந்தார். ஓர் இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மருத்துவரான அப்பா வருவார் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் வேலூர் வந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்று இயேசுவைப் பற்றிச் சொல்லும் வசனம்தான், அந்தப் பள்ளி வளர்ந்து உருவான சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) குறிக்கோள் இன்றும். உலகத்துப் பெண்கள் எல்லாரையும் காப்பாற்றுவது அவர் கடமை என்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

இந்தப் பாடம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, உங்களுக்கு யாரிடம் கடன் இருக்கிறது என்று எழுதச் சொல்வேன். பணமோ, மன்னிப்போ, ஒரு நன்றியோ. பெயரை யாருக்கும் காட்ட வேண்டாம், நான் வாங்கவும் மாட்டேன். ஒரு வருடம் ஒரு பையன் மட்டும் தாளை என்னிடம் நீட்டினான். 'தோட்டப்பாளையம் பஞ்சர் கடை அண்ணன், 40 ரூபாய், சில்லறை இல்லைன்னு சொல்லிட்டு வந்தது' என்று இருந்தது. அடுத்த ஞாயிறு அதே தாளைத் திரும்பக் கொண்டு வந்தான். அந்த வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே, வேறு மையில், புதிதாக ஒரு பெயர் எழுதியிருந்தான்.